ஆச்சி வீட்டை எந்தத் தளத்தில் போடுவது? குற்றாலம் சீசனுக்கு வீட்டை வாடகைக்கு விட நினைப்பவர்கள் கவனத்துக்கு!

குற்றாலத்தில் சாரல் அடிக்கத் தொடங்கிவிட்டால் புளியங்குடி மெயின் ரோட்டுக்கே தெரிந்துவிடும். மதுரை, ராஜபாளையம் பக்கமிருந்து வரும் வேன்களும் கார்களும் திருமங்கலம் - கொல்லம் தேசிய நெடுஞ்சாலையில் வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் தாண்டித்தான் தென்காசிக்குப் போக வேண்டும். எலுமிச்சை மூட்டை ஏற்றிய லாரிகளுக்கு நடுவே, ஜன்னலில் துண்டு காயப்போட்ட சுற்றுலா வண்டிகள் வரிசைகட்டும்.

அந்த ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே போனால் வேறொரு காட்சி. திண்ணை வைத்த வீடு, முற்றம், பின்னால் கிணறு. வாசலில் பூட்டு. மகன் சென்னையில், மகள் வளைகுடாவில். ஆச்சி காலமான பிறகு கொடைக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீடு. வருஷத்துக்கு ஒரு முறை வெள்ளையடிக்கவும் ஓடு மாற்றவும் மட்டும் பணம் போய்க்கொண்டே இருக்கும்.

இப்படிப்பட்ட வீடுகளில் இன்று ஒரு பேச்சு கட்டாயம் வரும். “சும்மா கிடக்குற வீட்டை சீசனுக்கு நெட்டுல போட்டா என்ன?” அடுத்த நிமிடமே கருத்துகள் பிரியும். மகன் ஏர்பிஎன்பி என்பார். மருமகன் மேக்மைட்ரிப் என்பார். “கமிஷன் எதுக்குக் கொடுக்கணும்? வாட்ஸ்அப் குரூப்ல போட்டா போதும்” என்பார் உள்ளூர் அத்தான்.

எல்லோரும் முதலில் கேட்பது கமிஷனைத்தான். ஆனால், தென்காசி மாவட்டத்தில் வீட்டை வாடகைக்கு விடுபவர்கள் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அருவியில் குளிக்கத் தடை என்று அறிவித்துவிட்டால், அன்றைக்கு முன்பதிவு செய்தவரின் பணம் என்ன ஆகும்?

முதலில், யார் வருவார்கள்?

எந்தத் தளம் என்று முடிவெடுக்கும் முன், எந்த விருந்தினர் என்று முடிவெடுக்க வேண்டும். குற்றாலத்தின் பேரருவியும் ஐந்தருவியும் புளியங்குடியிலிருந்து ஏறத்தாழ 35 கி.மீ. தள்ளி இருக்கின்றன. சீசன் நாள்களின் நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகலாம். காலையும் மாலையும் அருவியில் நின்றே ஆக வேண்டும் என்று வருகிறவர்கள் குற்றாலத்திலோ தென்காசியிலோதான் தங்குவார்கள்.

ஆனால், புளியங்குடிக்கு வேறு கூட்டம் உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் சீசன். குற்றாலத்தில் அறை கிடைக்காமல், கிடைத்தாலும் வாடகை கட்டுப்படியாகாமல், “கொஞ்சம் தள்ளி இருந்தாலும் பரவாயில்லை, பத்துப் பேரும் ஒன்றாகத் தங்கணும்” என்று தேடும் குடும்பங்கள் அப்போது வரும். ஆடி மாதம் சங்கரன்கோவிலில் ஆடித்தபசு. கார்த்திகை, மார்கழியில் செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகச் சபரிமலை போகும் ஐயப்ப பக்தர்கள். இவற்றோடு, வெளியூரிலிருந்து உள்ளூர்க் கல்யாணங்களுக்கு வந்து தங்க இடம் தேடுபவர்கள்.

ஆகவே வீட்டைப் பற்றி எழுதும்போது, ‘குற்றாலம் அருகில்’ என்று மொட்டையாகப் போடாதீர்கள். ‘புளியங்குடி. குற்றாலத்துக்குக் காரில் ஒரு மணி நேரம். பாம்பக்கோவில் சந்தை ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோ கிடைக்கும்’ என்று எழுதினால், அதைப் படித்துவிட்டு வருகிறவர் ஏமாற மாட்டார். ஏமாந்தவர் போடும் ஒரு நட்சத்திர விமர்சனம் அடுத்த சீசன் வரை அந்தப் பக்கத்திலேயே நிற்கும்.

‘தனியார் அருவி உண்டு’ என்று கவர்ச்சிக்காகப் போடும் வேலையும் வேண்டாம். இயற்கையான நீரோட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவி உருவாக்கிய தனியார் விடுதிகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-ல் உத்தரவிட்டதை இந்த வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க முடியாது.

எந்தத் தளத்தில் யார் தேடுகிறார்கள்?

ஏர்பிஎன்பி 2008-ல் அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கியது. வீடுகளையும் வீட்டு அறைகளையும் வாடகைக்கு விடுவதற்காகவே உருவான தளம் என்பதால், ‘முழு வீடு வேண்டும், சமையலறை வேண்டும்’ என்று தேடுபவர்கள் இங்கே அதிகம். பெருநகர ஐ.டி. ஊழியர்களும் வெளிநாட்டில் வாழும் குடும்பங்களும் முதலில் திறப்பது இதைத்தான்.

புக்கிங்.காம் 1996-ல் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியது. ஹோட்டல்களோடு வீடுகளும் ஒரே பட்டியலில் வரும். ‘தென்காசி’ என்று தேடுபவருக்கு லாட்ஜுகளுக்கு நடுவே உங்கள் வீடும் தெரியும்.

மேக்மைட்ரிப் 2000-ல் தொடங்கிய இந்திய நிறுவனம். 2017-ல் கோஐபிபோ இதோடு இணைந்தது. பஸ், ரயில், விமான டிக்கெட் எடுக்கும் அதே ஆப்பிலேயே தங்குமிடமும் தேடும் உள்நாட்டுக் குடும்பங்கள்தான் இதன் பலம். கிளம்புவதற்கு முந்தின நாள் இரவு அறை தேடும் பழக்கமும் இவர்களிடம் அதிகம்.

முற்றமும் திண்ணையும் கொண்ட முழு வீடு என்றால் முதலாவது பொருந்தும். மாடியில் தனித்தனியாக இரண்டு மூன்று அறைகள், ஒவ்வொன்றுக்கும் தனிக் குளியலறை என்றால் மற்ற இரண்டும் கைகொடுக்கும்.

கமிஷன்: கணக்கு போட்டால் என்ன தெரிகிறது?

கமிஷன் இரண்டு விதம். ஒன்றில், வீட்டுக்காரரிடம் சிறு தொகை, விருந்தினரிடம் பெரிய தொகை என்று பிரித்து எடுப்பார்கள். ஏர்பிஎன்பி-யில் பல ஆண்டுகளாக இருந்துவரும் முறையில் வீட்டுக்காரருக்கு 3%, விருந்தினருக்கு 14% அளவில் வரும். இன்னொன்றில், முழுக் கமிஷனும் வீட்டுக்காரரிடமிருந்தே. புக்கிங்.காம் பெரும்பாலும் 15% அளவில் இப்படி எடுக்கிறது. மேலாண்மை மென்பொருள் மூலம் இணையும் வீட்டுக்காரர்களிடம் ஏர்பிஎன்பி-யும் 2025 இறுதியிலிருந்து 15.5% மொத்தமாக எடுக்கிறது. இந்த விகிதங்கள் மாறக்கூடியவை. கணக்கு தொடங்கும் நாளில் திரையில் தெரிவதுதான் செல்லும்.

ஓர் உதாரணம். நாளுக்கு 4,000 ரூபாய் வீதம் இரண்டு நாள் வாடகை 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

பிரித்து எடுக்கும் முறை: வீட்டுக்காரரிடம் 3% என்றால் 240 ரூபாய். அந்தக் கமிஷன் மீது 18% ஜிஎஸ்டி சுமார் 43 ரூபாய். கையில் வருவது ஏறத்தாழ 7,717 ரூபாய். விருந்தினர் 8,000 ரூபாயோடு 14% கட்டணமும், அதன் மீதான ஜிஎஸ்டியும் சேர்த்துச் சுமார் 9,320 ரூபாய் கட்டுவார்.

மொத்தமாக எடுக்கும் முறை: 15% என்றால் 1,200 ரூபாய். ஜிஎஸ்டி 216 ரூபாய். கையில் வருவது 6,584 ரூபாய்.

பார்த்தவுடன் முதல் முறையே லாபம் என்று தோன்றும். ஆனால், இரண்டாவது முறையிலும் அதே 7,717 ரூபாய் கையில் வர வேண்டும் என்றால், வாடகையைச் சுமார் 9,375 ரூபாய் என்று வைத்தால் போதும். அப்போது விருந்தினர் கட்டுவதும் கிட்டத்தட்ட அதே 9,300 சொச்சம்தான்! (வாடகை மீதான ஜிஎஸ்டி இரண்டிலும் தனி.)

அதாவது, வாடகையைச் சரியாக நிர்ணயித்துவிட்டால் கமிஷன் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குவதில்லை. உண்மையான வித்தியாசம் ரத்து விதியில்தான் வருகிறது.

தடை விதித்த அன்று என்ன நடக்கும்?

மலையில் மழை பெய்தால் அருவியில் தண்ணீர் கொட்டும். கூடுதலாகப் பெய்தால் வெள்ளம். உடனே குளிக்கத் தடை. வெள்ளம் வடிந்ததும் ஓரிரு நாளில் தடை நீங்கும். குற்றாலத்துக்காரர்களுக்கு இது பழகிப்போனது. திருப்பூரிலிருந்தோ திருவனந்தபுரத்திலிருந்தோ கிளம்பத் தயாராக இருக்கும் குடும்பத்துக்கு அது பேரிடி. அடுத்த ஐந்தாவது நிமிடம் வீட்டுக்காரரின் போன் அடிக்கும். “அருவியில விடலையாமே... பணத்தைத் திருப்பித் தருவீங்களா?”

இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு பதில். ஏர்பிஎன்பி-யில் ரத்து விதியை வீட்டுக்காரரே தேர்ந்தெடுக்கலாம். தளர்வான விதியில், வருவதற்கு 24 மணி நேரம் முன்பு வரை ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும். மிதமான விதியில் 5 நாள். இன்னும் இறுக்கமான விதிகளில் 14 நாள், 30 நாள் என்று நீளும். பேரிடர், அரசின் பயணத் தடை போன்றவற்றுக்குத் தனி விதி உண்டு. ஆனால், அருவியில் குளிக்கத் தடை என்பது வீட்டில் தங்குவதைத் தடுக்காது. அதனால் பொதுவாக வீட்டுக்காரர் தேர்ந்தெடுத்த விதிதான் பேசும். விருந்தினர் கட்டிய பணம் தளத்திடம் இருக்கும். அவர் வந்து சேர வேண்டிய நேரத்திலிருந்து சுமார் 24 மணி நேரம் கழித்தே வீட்டுக்காரருக்கு அனுப்பப்படும்.

புக்கிங்.காம், மேக்மைட்ரிப் போன்றவற்றில் ‘இலவச ரத்து’, ‘நேரில் வந்து பணம்’ என்ற வசதிகளைப் பார்த்துத்தான் பலர் முன்பதிவு செய்கிறார்கள். இவற்றை அனுமதித்தால் வீடு சீக்கிரம் நிரம்பும். ஆனால், தடை அறிவித்த சனிக்கிழமை வீடு மொத்தமும் காலியாகும். பெட்ஷீட் துவைத்த கூலியும் சமையல்கார அக்காவுக்குச் சொன்ன சம்பளமும் வீட்டுக்காரர் தலையில்.

அப்படியானால் இறுக்கமான விதியே நல்லதா? அங்கேதான் நிதானம் வேண்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வந்த காட்டாற்று வெள்ளம் 17 வயதுச் சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. அடுத்த சில நாள்களுக்கு அருவிகளில் குளிக்க அனுமதி இல்லை. மலை வெள்ளம் சொல்லிவிட்டு வராது என்பதை ஊரே கண்ணால் பார்த்த நாள் அது. ‘பணம் போயிடுமே’ என்பதற்காகவே ஒரு குடும்பம் குழந்தைகளோடு மழையில் கிளம்பி வருவதற்கு நம் வீட்டு விதி காரணமாகிவிடக் கூடாது.

நடைமுறைக்கு ஒத்துவரும் வழி இது: சீசன் சனி, ஞாயிறுகளுக்கு 5 நாள் விதி, வார நாள்களுக்குத் தளர்வான விதி. இப்படிப் பிரித்து வைக்க வசதி இல்லாத தளத்தில், சீசன் மாதங்களுக்கு மட்டும் விதியை மாற்றிக்கொள்ளலாம். அதோடு, வீட்டைப் பற்றிய விவரத்திலேயே ஒரு வரி: ‘அருவியில் தடை இருந்தால், கட்டிய பணத்துக்கு அதே சீசனில் வேறு தேதி தரப்படும்.’ விருந்தினருக்குப் பணம் போகாது. வீட்டுக்காரருக்கும் வருமானம் போகாது. ஆகவே ஒரு தளத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், தேதி மாற்றித் தருவது அதில் எவ்வளவு எளிது என்று பாருங்கள். வரவேண்டிய நாளுக்கு முந்தின இரவு அருவி நிலவரத்தை ஒரு செய்தியாக அனுப்பும் வீட்டுக்காரரை எந்த விருந்தினரும் மறக்க மாட்டார்.

ஒரே தளத்தை நம்பி இருக்கலாமா?

சென்னையில் 2005-ல் தொடங்கி, பின்னாளில் ‘ஸ்டேஜில்லா’ என்ற பெயரில் நாடு முழுக்க வீட்டுத் தங்கல்களைப் பட்டியலிட்ட நிறுவனத்தைச் சிலருக்கு நினைவிருக்கலாம். முதலீட்டாளர்களின் பணமும் ஆயிரக்கணக்கான வீடுகளும் கையில் இருந்தன. 2017 பிப்ரவரியில் அது தன் சேவையை நிறுத்தியது. விருந்தினர்கள் எழுதிய நல்ல விமர்சனங்களை வீட்டுக்காரர்கள் வேறு தளத்துக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது. எல்லாம் முதலிலிருந்து.

அதனால் முதல் சீசனில் ஒரு தளம், கை பழகிய பிறகு இரண்டாவது தளம் என்று போவது பாதுகாப்பு. இரண்டிலும் காலண்டரை ‘ஐகேல்’ இணைப்பால் கோத்துவிட்டால், ஒன்றில் பதிவான தேதி இன்னொன்றில் தானாக மூடிக்கொள்ளும். ஆனால் அது உடனே நடப்பதில்லை, தாமதம் உண்டு. சீசன் சனிக்கிழமைகளில் முன்பதிவு வந்ததும் மற்ற தளத்தைக் கையால் மூடிவிடுவதே நல்லது.

விலையிலும் ஒரு விஷயம் உண்டு. ‘எங்கள் தளத்தைவிட வேறெங்கும் குறைவாகத் தரக் கூடாது’ என்ற ஒப்பந்த வரி சில ஆண்டுகள் முன்புவரை ஹோட்டல்காரர்களின் பெரிய புகார். 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம், மேக்மைட்ரிப் - கோஐபிபோ குழுமத்துக்கு 223.48 கோடி ரூபாயும், ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. அப்படிப்பட்ட நிபந்தனைகளை ஒப்பந்தத்திலிருந்து மாற்றவும் மேக்மைட்ரிப் குழுமத்துக்கு உத்தரவிட்டது. எந்தத் தளமானாலும் ‘ஏற்கிறேன்’ பொத்தானை அழுத்தும் முன் இந்த வரி இருக்கிறதா என்று தேடிப் படியுங்கள்.

“வாட்ஸ்அப் போதும்” என்பவர்களுக்கு

அத்தான் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு முறை வந்து தங்கி, நன்றாகப் பழகிய குடும்பம் அடுத்த வருஷம் நேரடியாகப் போன் செய்தால் கமிஷன் இல்லை. ஆனால், முன்பின் தெரியாதவரிடம் தொடங்கும்போது சிக்கல். வீட்டுக்காரர் முன்பணம் கேட்பார், விருந்தினர் நம்ப மாட்டார். பொருள் உடைந்தால் கேட்பதற்கு நடுவில் ஆள் இல்லை. ஏர்பிஎன்பி-யின் ‘ஏர்கவர்’ போன்ற பாதுகாப்பில், விருந்தினர் கிளம்பிய 14 நாளுக்குள் புகைப்படத்தோடு இழப்பீடு கேட்கலாம். வாட்ஸ்அப்பில் அது கிடையாது.

மோசடியும் உண்டு. ‘ராணுவ அதிகாரி பேசுறேன், குடும்பத்தோட வர்றேன், முன்பணம் அனுப்புறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க’ என்று வரும் அழைப்புகள் நாடு முழுக்கப் பலரை ஏமாற்றியிருக்கின்றன. பணம் வாங்க கியூஆர் கோடை ஸ்கேன் செய்யவும் வேண்டாம், யூபிஐ பின் போடவும் வேண்டாம். பின் கேட்டாலே பணம் உங்கள் கணக்கிலிருந்து போகப்போகிறது என்று அர்த்தம்.

பான் எண், ஜிஎஸ்டி, போலீஸ்

தளங்கள் மூலம் வரும் ஒவ்வொரு ரூபாயும் வருமான வரித் துறையின் கண்ணில் படும். தளம் வழியே வரும் மொத்தத் தொகை ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, பான் அல்லது ஆதார் கொடுத்திருந்தால் தனிநபருக்கு வரிப் பிடித்தம் இல்லை. அதற்கு மேல் 0.1%. எண்ணே கொடுக்காவிட்டால் 5% பிடிப்பார்கள்.

2025 செப்டம்பர் 22 முதல், நாளுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறை வாடகைக்கு ஜிஎஸ்டி 5%. ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத, ஜிஎஸ்டி பதிவு இல்லாத வீட்டுக்காரர் என்றால், விருந்தினரிடம் வாங்கி அரசுக்குக் கட்டும் பொறுப்பு தளத்துடையது.

வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தங்கினால், 24 மணி நேரத்துக்குள் அவரது விவரத்தை ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கோயிலுக்கு வரும் நம் ஆட்களுக்கும் இது பொருந்தும். மற்ற விருந்தினர்களின் பெயர், முகவரி, வண்டி எண்ணை ஒரு நோட்டில் எழுதி வைப்பது நல்லது. ஆதார் நகல் வாங்கினால், எண்ணின் முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்ட நகலே போதும்.

‘ஹோம்ஸ்டே’ என்ற சொல்லையும் கவனமாகப் பயன்படுத்துங்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டத்தில், உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் வசிக்க வேண்டும்; 1 முதல் 6 அறைகள் வரை, 12 படுக்கைகளுக்குள். யாரும் வசிக்காத வீட்டை முழுதாக விடுவது வேறு வகை. நகராட்சி, மின்வாரியம், மாவட்டச் சுற்றுலா அலுவலகம் மூன்றிலும் ஒரு நடை கேட்டுவிட்டுத் தொடங்கினால் பின்னால் அலைச்சல் இல்லை.

கடைசியாக, கூடத்தில் உட்கார்ந்து பேச வேண்டியது

பல குடும்பங்களில் பத்திரம் இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும். வாரிசுகள் நான்கு பேர் என்றால், தளத்தில் யாருடைய பான் எண், யாருடைய வங்கிக் கணக்கு என்பதே முதல் சண்டை ஆகலாம். வருமானம் எப்படிப் பிரியும், ரிப்பேர் செலவு யாருடையது, எந்தத் தேதிகள் குடும்பத்துக்கு என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். சித்தி மகள் கல்யாணம் திடீரென முடிவாகி, விருந்தினரின் முன்பதிவை நீங்கள் ரத்து செய்தால், ஏர்பிஎன்பி-யில் முன்பதிவுத் தொகையில் 10 முதல் 50 சதவீதம் வரை அபராதம் வரலாம். கோயில் கொடை நாள்களைக் காலண்டரில் முதலிலேயே மூடிவிடுவது இதற்காகத்தான்.

சாவியைக் கொடுத்து வாங்க, மோட்டார் ரிப்பேர் என்றால் ஓடி வர, தெருவுக்குள்ளேயே ஒருவர் வேண்டும். சென்னையிலிருந்து போனிலேயே வீட்டை நடத்திவிட முடியாது. பக்கத்து வீட்டு மதினிக்கு ஒவ்வொரு முன்பதிவுக்கும் ஒரு தொகை என்று பேசி முடிப்பது, தளத்தைத் தேர்ந்தெடுப்பதைவிட முக்கியம்.

ஆச்சியின் டிரங்குப் பெட்டியும் தாத்தாவின் நாற்காலியும் இருக்கும் அறையை மட்டும் பூட்டிவிடுங்கள். விவரத்தில் ‘ஓர் அறை பூட்டப்பட்டிருக்கும்’ என்று ஒரு வரி போட்டால் எந்த விருந்தினரும் கோபித்துக்கொள்ள மாட்டார். மற்ற அறைகளின் ஜன்னல்கள் திறக்கட்டும். எத்தனையோ வருஷமாகப் பூட்டிக் கிடந்த முற்றத்தில் யார் வீட்டுப் பிள்ளைகளோ ஓடி விளையாடினால், அந்த வீட்டுக்கும் அது நல்லதுதானே!